பரணில் ஒளிந்த இடி

மார்ச் 3

அவையோரே, கேளுங்கள்.

அவை என்று நான் விளிப்பது உன் ஒருத்தியைத்தான், தங்கையே. ஆனாலும் ஒரு முறையீட்டை உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிப் பழகாதவன் உன் அண்ணன். ஆகவே நின்றுகொண்டு எழுதுகிறேன் என்றே எண்ணிக்கொள். நான் நலம். உன் அண்ணி நலம். நீயும் மாப்பிள்ளையும் என் மருமகளும் நலமா என்று முறையாகக் கேட்பதற்கு முன்னால் நெஞ்சில் கொதிப்பதைக் கொட்டிவிடுகிறேன்.

உன் ஈரல் சுருங்கிக்கொண்டே போகிறது. என் ஈரலில் பாதியைத் தருகிறேன் என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போனேன் அல்லவா? குருதி பொருந்தியது. பிறகு படம் எடுத்தார்கள். அந்த மருத்துவருக்கு எனக்கு மகனாகும் வயதுதான் இருக்கும். திரையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்க்காமலே தீர்ப்பு வழங்கினார்.

"ஐயா, உங்க ஈரல்ல கொழுப்பு நிறைய படிஞ்சிருக்கு. இப்படியே வெட்டினா உங்களுக்கும் ஆபத்து, அவங்களுக்கும் பிரயோசனமில்ல. ஆகஸ்டுக்குள்ள பதினஞ்சு கிலோ குறைச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் உங்க தங்கச்சிய மருந்துல ஓட்டிப் பாக்கறோம்."

கொழுப்பு. முப்பது ஆண்டுகளாகப் பேருந்துப் பணிமனை மேலாளர்கள் என்னைப்பற்றி முதுகுக்குப் பின்னால் சொல்லிவரும் அதே சொல். அவர்கள் வாயால் மட்டும் சொன்னார்கள். இவர் படம் பிடித்துக் காட்டிவிட்டார்.

என் நாளை நீ அறிவாய். சங்கச் செயலாளர் என்ற பெயரில் ஆறு பணிமனைகளுக்கும் அலைகிறேன். போகும் இடமெல்லாம் தேநீர். தேநீரோடு எண்ணெய் சொட்டும் ஒரு பொட்டலம். வேண்டாம் என்றால் கொடுத்தவன் முகம் வாடும். தொழிலாளியின் முகம் வாடக்கூடாது என்றே இந்த வயிற்றை வளர்த்தேன். இனி வாடட்டும். சங்கக் கொடியின்மேல் கைவைத்துச் சொல்கிறேன்: பதினைந்து கிலோவையும் இறக்கிவைத்துவிட்டுத்தான் உன் முன் நிற்பேன்.

தொலைபேசியில் நான் பேசத் தொடங்கினால் நீ 'ம்' கொட்டவும் இடம் கிடைப்பதில்லை, எதுவானாலும் எழுது என்று நீ போட்ட கட்டளைப்படியே இந்த மடல். அடுத்த கட்டளையையும் போடு. நிறைவேற்றுவேன்.

உன் உடல்நிலையை ஒளிக்காமல் எழுது.

என்றும் உன் அண்ணன்

----

மார்ச் 15

அன்பு அண்ணாவுக்கும் அண்ணிக்கும் வணக்கம்.

உன் மடலைப் படிக்கும்போது பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று சன்னலைச் சாத்தினேன். இங்கு எல்லோரும் நலம். என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அரைநாள் போய்வருகிறேன். வில்லை தேய்க்கும்போது கை நடுங்குவதில்லை. அதுவரை நான் நலந்தான். கண்ணின் வெள்ளையில் மட்டும் மஞ்சள் ஏறியிருக்கிறது. கடை முழுக்கக் கண்ணாடிகள் அல்லவா, எந்தப் பக்கம் திரும்பினாலும் என் கண்ணே என்னை முறைக்கிறது.

கட்டளை கேட்டிருக்கிறாய். கட்டளை இல்லை, ஒரு கேள்விதான். நாம் சிறுபிள்ளைகளாக இருந்தபோது தடுப்பூசி போட ஆள் வந்தார்கள். நீ பரண்மேல் ஏறி ஏணியையும் மேலே இழுத்துக்கொண்டாய். பொழுது சாயும்வரை இறங்கவில்லை. அவனுக்கும் சேர்த்து எனக்கே போடுங்கள் என்று நான் இரண்டு கையையும் நீட்டினேன். பணிமனையில் உன்னை 'இடி' என்று அழைக்கிறவர்களுக்கு இந்தக் கதை தெரியாது என்பதால் உன் மானம் என் கையில் இருக்கிறது.

இது ஊசி அல்ல, அண்ணா. விலாவின் கீழே ஒரு முழத்துக்கு அறுப்பார்கள். அதைத் தெரிந்துகொண்டுதானே தருகிறேன் என்கிறாய்? பதிலில் இதற்கு ஒரு வரியாவது எழுது.

அண்ணி உப்பைக் குறைக்கட்டும். நீ சத்தத்தைக் குறை.

அன்புத் தங்கை

----

ஏப்ரல் 2

வாகை சூடிய தங்கைக்கு, வாகையைப் பறித்துவரும் அண்ணனின் வாழ்த்து.

நலம், நலமே நாடுகிறேன். முதல் களத்தில் வென்றோம். நான்கு கிலோ வீழ்ந்தது. நிறுத்தது பணிமனைப் பார்சல் அறையின் எடைமேடையில். மூட்டைகளுக்கு நடுவே நானும் ஒரு மூட்டையாய் ஏறி நின்றேன். பார்சல் எழுத்தர் முள்ளைப் பார்த்துவிட்டு, "எந்த ஊருக்கு அனுப்பணும் தலைவரே?" என்றார்.

விடிந்ததும் முதல் பேருந்துக்கு முன்னால் அதன் தடத்திலேயே நடக்கிறேன். மூன்றாம் நிறுத்தத்தில் அது என்னைப் பிடித்துவிடும். ஓட்டுநர் ஒலிப்பானை அடித்து, "ஏறிக்கங்க தலைவரே" என்பார். கையசைத்து அனுப்பிவிடுகிறேன். உன் அண்ணி வேகவைத்த காயைத் தட்டில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்கிறாள். "பேசிக்கிட்டே சாப்பிடாதீங்க. பேச்சு சூட்டுல ரெண்டு கரண்டி கூடப் போகுது" என்கிறாள்.

காலை வாயிற்கூட்டம், பகலில் பேச்சுவார்த்தை, மாலையில் இரட்டைப் பணிக்கு எதிரான பரப்புரை. ஒருவனையே இரண்டு முறைப்பணிக்கும் வண்டியில் ஏற்றுகிறார்கள், தூக்கக் கண்ணோடு. இத்தனைக்கும் நடுவே ஒரு தேநீரும் நான் தொடவில்லை. ஏன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகிறேன். உன் நோயைப்பற்றியோ அறுவையைப்பற்றியோ இங்கு யாருக்கும் நான் சொல்லவில்லை. சொல்ல நேரம் வாய்க்கவில்லை.

மருமகள் கல்லூரியில் என்ன படிக்கிறாள் என்பதை எழுது. உன் தூக்கம் எப்படி?

வெற்றி நமதே என்று முழங்கும்
அண்ணன்

----

ஏப்ரல் 19

அன்பு அண்ணா,

அண்ணிக்கு என் வணக்கம். எதிரில் உட்கார்ந்துகொள்வதற்குத் தனியாக ஒரு வணக்கம்.

நான்கு கிலோவைப் படித்து உன் மாப்பிள்ளை கைதட்டினார். எனக்கும் மகிழ்ச்சிதான். நடந்து நடந்து முட்டியைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் மருமகள் கணக்கியல் படிக்கிறாள். வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். குணத்தில் தாய்மாமனைக் கொண்டிருக்கவேண்டியவள் யாரைக் கொண்டாளோ தெரியவில்லை.

கடைக்காரர் நல்லவர். "அக்கா, கொஞ்ச நாள் வீட்டுல இருங்க. வேலை எங்கயும் ஓடிப்போகாது" என்றார். ஆகவே இப்போது வீட்டில் இருக்கிறேன். தூக்கம் கேட்டிருந்தாய். பகலில் வருகிறது, எழுப்பினாலும் போக மறுக்கிறது.

இந்த இடத்தில் இரண்டு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்க முயலாதே.

உன்னிடம் ஒன்று. ஊருக்கெல்லாம் குரல் கொடுப்பவனுக்குத் தன் வீட்டுச் செய்தியைச் சொல்ல ஒன்றரை மாதமாக நேரம் வாய்க்கவில்லையா? போன மடலில் நான் கேட்ட கேள்விக்கும் விடை வரவில்லை. ஒருவேளை அஞ்சலில் சிந்திவிட்டதோ என்று உறையைத் திருப்பித் தட்டிப் பார்த்தேன்.

அன்புத் தங்கை

----

மே 20

அன்புத் தங்கைக்கு,

காலம் தாழ்ந்த மடல் இது. பொறுத்துக்கொள். இங்கு நடந்ததைக் கேட்டால் நீயே பொறுப்பாய். உன் நலத்தை முதலில் எழுது; பிறகு சிரி.

நான் தேநீரைத் தொடாமல் இளைத்துக்கொண்டே வந்ததைப் பணிமனை உற்றுப் பார்த்திருக்கிறது. நெட்டை என்று ஓர் ஓட்டுநர், உனக்குத் தெரியும், போன ஆண்டு உன் வீட்டுக்கு என்னோடு வந்தவர். அவர் ஓய்வறையில் தொடங்கி வைத்தார்.

"தலைவர் டீ குடிச்சு ரெண்டு மாசமாச்சு. கேட்டா சிரிக்கிறார். ஆளு பாதியாயிட்டார். என்னய்யா நடக்குது?"

தேநீர்க்கடைக்காரர் விடை கண்டுபிடித்தார். "இது கூடவா புரியல? இந்த ரெட்டை டியூட்டிய நிறுத்தற வரைக்கும் பட்டினின்னு மனசுக்குள்ள முடிவு பண்ணியிருக்கார். வெளிய சொன்னா நம்மளும் கெடப்போம்னு அமுக்கமா இருக்கார்."

மறுநாள் காலை நான் போனபோது வாயிலில் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் திறக்காத சாப்பாட்டுப் பெட்டி. ஒரு வண்டியும் வெளியேறவில்லை. நெட்டை எழுந்து, "நீங்க தனியா காயறத நாங்க பாத்துக்கிட்டு இருப்போமா தலைவரே?" என்றார். கண்கள் கலங்கியிருந்தன. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் முழக்கம் எழுந்துவிட்டது. அந்த முழக்கத்தில் என் சொல் எடுபடாது என்று தோன்றியது.

வெயில் ஏறுவதற்குள் மற்ற ஐந்து பணிமனைகளும் உட்கார்ந்துவிட்டன. பொதுமேலாளரே வந்தார். இரட்டைப் பணி ஒழிந்தது, எழுத்தில். அதோடு விட்டாரா? ஒரு தட்டில் இனிப்பை ஏந்திக்கொண்டு என் முன் நின்றார். "நீங்க எதுவும் பேசவேண்டாம் ஐயா. வாயத் திறந்தா போதும்" என்றார். முப்பது ஆண்டுகளில் என்னை வாயைத் திறக்கச் சொன்ன முதல் மேலாளர் அவர்தான். திறந்தேன். அத்தனை பேரும் அழுதுகொண்டே தங்கள் பெட்டிகளைத் திறந்தார்கள்.

பிறகு ஆறு பணிமனைகளிலும் வெற்றி விருந்து. ஒன்றில் உண்டு மற்றொன்றில் மறுத்தால் பிரிவினை வரும். நீயே சொல், நான் என்ன செய்திருக்க முடியும்?

விருந்துகள் முடிந்ததும் மறுபடி தொடங்குவேன். மருந்துகளைத் தவறவிடாதே.

உன் அண்ணன்

----

மே 29

அன்பு அண்ணாவுக்கு,

இரட்டைப் பணி ஒழிந்ததற்கு வாழ்த்து. தூக்கக் கண்ணோடு வண்டி ஓட்டுகிறவர்களின் வீட்டில் இனி ஒருத்தியாவது நிம்மதியாகப் படுப்பாள். அது சிறிய செய்தி அல்ல. அண்ணி நலமா?

சிரிக்கச் சொன்னாய். சிரித்தேன். விலா வலித்தது, நிறுத்திவிட்டேன்.

'என் தங்கச்சிக்கு உடம்பு சரியில்ல.' எண்ணிப் பார்த்தேன், நான்கே சொல். இனிப்புக்குத் திறந்த வாய் இந்த நான்குக்கும் திறந்திருக்கலாம்.

போகட்டும். எடைப் போட்டியில் உனக்குத் துணையாக நானும் இறங்கியிருக்கிறேன். எனக்கும் எடை கூடியிருக்கிறது, அண்ணா. உடைகளின் இடுப்பை இரண்டு முறை பிரித்துத் தைத்துவிட்டேன். நீ இறங்குகிறாயா, நான் ஏறுகிறேனா, ஆகஸ்டில் பார்ப்போம்.

எழுத்து கோணலாக இருந்தால் பேனாவின் குற்றம்.

தங்கை

----

ஜூன் 24

என் அன்புத் தங்கைக்கு,

உன் மடலை உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். எடை கூடியிருக்கிறாய் என்ற வரி வந்ததும் எழுந்து நின்று படித்தேன். நோய் பின்வாங்குகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேறென்ன? உடம்பில் ஒட்டுகிறதென்றால் ஈரல் வேலை செய்கிறது என்றுதானே பொருள்? உன் அண்ணி மட்டும் மடலை வாங்கித் திரும்பப் படித்தாள். அவள் எப்போதும் அப்படித்தான். நல்ல செய்தியை நம்புவதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொள்வாள்.

இங்கு சங்கத் தேர்தல் வந்துவிட்டது. காலையில் நடக்கப் புறப்பட்டால் வாயிலில் நான்கு பேர் நிற்கிறார்கள். நடந்துகொண்டே பேசலாம் என்றால் தேநீர்க்கடைவரைதான் நடக்கிறார்கள். ஆகவே ஓர் எண்ணம். நீ தேறிவருகிறாய் என்பதால், ஆகஸ்டு என்று மருத்துவர் குறித்ததை நவம்பருக்குத் தள்ளிக் கேட்டால் என்ன? தேர்தல் முடிந்திருக்கும். நானும் ஒழுங்காக இறங்கியிருப்பேன். அரைகுறை ஈரலை உனக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நன்றாகச் சாப்பிடு. இன்னும் இரண்டு கிலோ ஏறு. அது என் வேண்டுகோள்.

உன் மேல் உயிரான
அண்ணன்

----

ஜூலை 15

தங்கையே,

மூன்று வாரமாக உன் எழுத்து வரவில்லை. நலமா?

உன் கட்டளையை மீறித் தொலைபேசியில் அழைத்தேன். மாப்பிள்ளை எடுத்தார். "தூங்கறா மச்சான்" என்றார். மறுநாளும் "தூங்கறா மச்சான்" என்றார். மூன்றாம் நாள் எடுக்கவே இல்லை. நவம்பர் என்று எழுதியது உனக்குப் பிடிக்கவில்லையென்றால் இரண்டு அடி அடித்து எழுது. எழுதாமல் மட்டும் இராதே.

பார்சல் அறையைக் கடக்கும்போது அந்த எடைமேடையின் பக்கம் நான் திரும்புவதில்லை. ஏன் இதை உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஒரு வரி போதும்.

அண்ணன்

----

ஜூலை 21

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் மருமகள் வணக்கத்துடன் எழுதுவது.

நீங்கள் நலமாக இருக்கவேண்டும். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்; மருத்துவமனையில் அவர் தூங்கும்போது கட்டிலின் காலடியில் உட்கார்ந்து.

உங்கள் ஜூன் மாத மடலை நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எடை கூடியதற்கு நீங்கள் மகிழ்ந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அம்மா, "முழுசா படிடி" என்றார். மாமா, அது எடை இல்லை. நீர். ஈரல் வேலை செய்யாததால் வயிற்றில் நீர் சேர்கிறது. வாரந்தோறும் குழாய் வைத்துப் புட்டிகளில் இறக்குகிறார்கள். இறக்கியபின் அம்மாவைப் பார்த்தால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் தன் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார். கை என் மணிக்கட்டைவிட மெலிந்துவிட்டது. சில நேரம் நினைவு தடுமாறி என்னை அக்கா என்று கூப்பிடுகிறார்.

நவம்பர்வரை இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகஸ்ட் நடுவில் வெட்டவேண்டும்.

என் குருதியும் பொருந்துகிறது. என் ஈரலைத் தர நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அம்மா அந்தத் தாளைப் பார்த்துக் கத்தினார். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஏற்பவரும் கையெழுத்துப் போட்டால்தான் எடுப்பார்கள். அவர் பேனாவைத் தொடவில்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நான் சின்ன உடம்பு. என் ஈரல் துண்டு அம்மாவுக்குப் போதுமா என்று மருத்துவருக்கே ஐயம். "உங்க மாமா ஈரல் நல்ல பெருசு. கொழுப்பு மட்டும் இறங்கியிருந்தா அதுதான் சரி. கடுமையா இருந்தா மூணு வாரத்துல கூட ஈரல் எளைக்கும், எடை பின்னாடி வரும்" என்றார்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பரண் கதை அம்மா சொல்லியிருக்கிறார். எனக்கும் அப்படி ஒரு பரண் இருந்தால் ஏறிக்கொள்வேன் என்று தோன்றுகிறது. அப்பாவிடம் சொன்னால் உடைந்துவிடுவார். அதனால் உங்களிடம் சொல்கிறேன். எனக்கு பயமா இருக்கு மாமா.

அன்புடன்
மருமகள்

----

ஜூலை 27

தங்கையே,

நலமா என்று கேட்கும் தகுதியை இழந்துவிட்டேன். ஆகவே கேட்கவில்லை. சொல்கிறேன், கேள்.

மருமகளின் மடலை எழுத்துக்கூட்டிப் படித்தேன். உன் அண்ணி என் கையிலிருந்து அதை வாங்கினாள். படித்து முடித்து, "நவம்பர்னு எழுதும்போதே எனக்குத் தெரியும்" என்றாள். மடலை மடித்து உறையில் வைத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நீ இரண்டு முறை கேட்ட கேள்விக்கு இதோ விடை. மே முதல் வாரம் எடைமேடையில் ஏறி நின்றேன். பதினொன்று இறங்கியிருந்தது, இன்னும் நான்கே. துள்ளியிருக்க வேண்டும். மேடையை விட்டு இறங்கி யாரும் பார்க்காமல் வெளியேறினேன். ஒவ்வொரு கிலோ இறங்கும்போதும் அந்த அறுவை மேசை ஒரு முழம் நெருங்கி வந்துகொண்டிருந்தது. இன்னும் நான்கு முழத்தில் நான் அதன்மேல் படுத்திருப்பேன். இனிப்பை ஏந்திக்கொண்டு மேலாளர் வந்தபோது எனக்கு அது இனிப்பாகத் தெரியவில்லை. தப்பிக்கும் கதவாகத் தெரிந்தது. முழக்கத்தில் என் சொல் எடுபடாது என்று எழுதினேனே, பொய். ஆறு பணிமனையையும் ஒரு கையசைப்பில் அடக்குகிறவன் நான். எடை குறையாதவரை யாரும் என்னை வெட்ட முடியாது. இந்த வயிற்றுக்குள் ஏறி ஏணியை இழுத்துக்கொண்டேன். கீழே நீ கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாய், அன்றைப் போலவே. இந்த முறை உன் மகளும் உன்னருகே நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

நேற்று வாயிற்கூட்டத்தில் சொல்லிவிட்டேன். ஒலிபெருக்கி இல்லாமல் சொன்னேன். அன்று நான் பட்டினி கிடக்கவில்லை, என் தங்கை சாகக் கிடக்கிறாள், நான் அஞ்சி ஒளிந்தேன் என்றேன். நீங்கள் எனக்காகத் திறக்காமல் வைத்த பெட்டிகளுக்கு நான் தகுதியானவன் அல்லன் என்றேன். கல் விழும் என்று எதிர்பார்த்தேன்.

தேநீர்க்கடைக்காரர்தான் முதலில் பேசினார். "ரெட்டை டியூட்டிக்கே பட்டினி கெடந்தோம். தங்கச்சிக்குன்னா கெடக்க மாட்டமா? இத சொல்ல உங்களுக்கு என்ன வாய் வலியா?"

நெட்டை பக்கத்தில் வந்து குனிந்தார். "நெஜமாவே பயமா தலைவரே?"

"ஆமா" என்றேன்.

"அப்பாடா" என்றார் அவர். "இத்தனை வருஷமா எங்களுக்கு மட்டுந்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

செயலாளர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டேன். விருந்துகளில் ஏற்றிக்கொண்ட ஆறு கிலோவும் பழைய நான்கும் இருக்கின்றன. மருத்துவர் எழுதிக்கொடுத்த கஞ்சியையும் காயையும் தவிர ஒன்றும் உள்ளே போகாமல் ஆறு பணிமனைகளும் என் வாய்க்குக் காவல் நிற்கின்றன. பசியில் தலை சுற்றுகிறது. அச்சத்தில் பசி மறக்கிறது. இரண்டும் மாறி மாறி என்னை இழுத்துச் செல்கின்றன. வருகிறேன்.

அண்ணன்

----

ஆகஸ்ட் 3

அண்ணா,

அண்ணிக்கு என் அன்பைச் சொல். இதை நானே எழுதுகிறேன். மகளிடம் பேனாவைக் கொடுத்தால் அவள் வேறு எதையாவது எழுதிவிடுவாள்.

நீ ஒளிந்தது எனக்குத் தெரியும். மே மாத மடலில் எத்தனை கிலோ என்று நீ எழுதாதபோதே ஏணி மேலே போகும் ஓசை கேட்டது. கோபம் இல்லை. அஞ்சுவதுதான் அறிவு. எதிர்க்கட்டில்காரிக்கு ஈரல் கொடுத்த தம்பி ஐந்து நாளாகக் கண்ணைத் திறக்கவில்லை. அவள் எழுந்து உட்கார்ந்து தினமும் என்னைக் கேட்கிறாள், "என் தம்பிய எங்கங்க வெச்சிருக்காங்க, யாராச்சும் சொல்லுங்களேன்" என்று. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.

அவளைப் போல நான் எழுந்து உட்கார விரும்பவில்லை. மகளின் தாளைக் கிழித்துவிட்டேன். உன் தாள் வந்தாலும் கிழிப்பேன். அண்ணியின் முகத்தில் விழிக்க என்னால் ஆகாது.

நன்றாகச் சாப்பிடு. வராதே.

----

ஆகஸ்ட் 11

அவையோரே, கேளுங்கள்.

மறுபடியும் அவை நீ ஒருத்திதான். இந்த முறை உனக்கு ஒரு மாடி கீழே, நான்காம் கட்டிலிலிருந்து எழுதுகிறேன். அஞ்சல்காரி உன் மகள். மாடிப்படி ஏறிவரும் நேரந்தான் இந்த மடலின் வயது. நெட்டை வண்டியோட்டிக் கொண்டுவந்து சேர்த்தார்; உன் அண்ணி வழியெல்லாம் என் கையை விடவில்லை. நான் குதித்து ஓடிவிடுவேன் என்று எண்ணினாளோ என்னவோ. எனக்கே அந்த ஐயம் இருந்தது.

நேற்று மறுபடி படம் எடுத்தார்கள். அதே மருத்துவர். இந்த முறை என் முகத்தைப் பார்த்தார். "எடை இன்னும் ரெண்டு கிலோ பாக்கி இருக்கு ஐயா. ஆனா ஈரல் எளைச்சிருச்சு. எடுக்கலாம்" என்றார்.

குருதி எடுக்கச் செவிலி ஊசியோடு வந்தாள். "கைய தளர்த்துங்க ஐயா, இரும்புக் கம்பி மாதிரி வெச்சிருக்கீங்க" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு நீட்டினேன். நீட்டினேன், தங்கையே. இந்தக் கோணல் எழுத்து அந்தக் கையால் எழுதியது. பார்த்தாலே உனக்குத் தெரியும். பேனாவின் குற்றம் என்று சொல்லமாட்டேன்.

உன் எதிர்க்கட்டில்காரியின் தம்பியைப் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக்கு அப்பால் படுத்திருக்கிறார். இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. திறப்பார் என்று யாரும் எனக்கு உறுதி சொல்லவில்லை. நானும் உனக்குச் சொல்லமாட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன். பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பி இந்தக் கட்டிலுக்கே வந்தேன். மருத்துவமனையின் வெளிவாயில் அந்தப் பக்கம் திறந்துதான் இருந்தது.

உன் அண்ணியின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று எழுதியிருந்தாய். அவள் இதோ என் தலைமாட்டில் நிற்கிறாள். அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "கையெழுத்த போட்டுரச் சொல்லுங்க. இந்த மனுசன் இன்னொரு தடவ பரண் ஏறினா எறக்க எனக்குத் தெம்பு இல்ல."

எனக்கு அச்சமாக இருக்கிறது. உனக்கும் இருக்கிறது. மடலோடு உன் கட்டிலருகே நிற்கும் பெண்ணுக்கு நம் இருவரையும்விடக் கூடுதலாக இருக்கிறது; நீ கிழித்தால் அவள் மறுபடியும் தன் பெயரை எழுதிக்கொண்டு வருவாள், உனக்குத் தெரியும். உன் நினைவு தெளிவாக இருக்கும்போதே ஒப்பம் வேண்டும் என்கிறார் மருத்துவர். நேற்று நீ அவளை அக்கா என்று கூப்பிட்டாயாம். நாளைக்கு என்ன கூப்பிடுவாயோ, யாருக்குத் தெரியும்.

அன்று எனக்கும் சேர்த்து நீ இரண்டு கையையும் நீட்டினாய். இன்று ஒரு கை போதும், வலக்கை. அந்தப் பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார். தாளில் கொடுப்பவர் என்ற இடத்தில் இருப்பது அவள் பெயர் அல்ல, என் பெயர். படித்துப் பார். பேனாவை வாங்கு. கிழிக்காதே. சுவர்ப்பக்கம் திரும்பாதே. போடு, தங்கச்சி. இப்போதே போடு.